வன்னிக் கிளையில் ஒரு பை



நாங்கள் ஷார்ஜாவில் குடியேறி 14 ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆறேழு ஆண்டுகள் பாலைவனம் என்பது எங்களுக்கு அல் ஐனில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பழுப்பு நிறம் மட்டுமே. அதைப் பார்ப்பதற்காக வண்டியை நிறுத்தியதில்லை. இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு மணலில் என்ன புதுமை இருக்கிறது என்று நினைத்திருந்தோம். பிழைக்க வந்த இடத்தை அழகு பார்க்கும் வழக்கம் நம்மவர்களிடம் குறைவு என்பதும் உண்மை. இங்கே வந்தவர் அனைவருக்கும் கண் முழுவதும் ஊரில்தான் இருக்கிறது.

மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஊருக்குத் திரும்பிய ஒரு நண்பர் தம் பழைய கேமராவைக் குறைந்த விலைக்கு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனியில் எடுப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. அதனால் விடுமுறை நாள்களில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு மலீஹா பக்கம் புறப்படத் தொடங்கினோம். சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரத்தில்தான் மணல் தன் வடிவத்தைக் காட்டுகிறது. ஒளி தாழ்வாகச் சாய்ந்து வரும்போது, காற்று வரைந்த ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக எழுந்து நிற்கும். வெயில் ஏறிவிட்டால் அதே மணல்மேடு தட்டையாகி, வெறும் வெளுத்த பரப்பாகிவிடும். இரவெல்லாம் நடந்தவர்களின் வரலாறும் அந்த அரை மணி நேரத்தில் தெரியும்: வண்டு இழுத்த கோடு, பாம்பு வளைந்து போன தடம், மணல் எலியின் பொட்டுப் பொட்டான அடிகள். வெறுமை என்று நாங்கள் நினைத்திருந்த இடம் ஒரு கடைத்தெருவைப் போல நடமாட்டம் நிறைந்தது என்பதை அந்தப் பையனின் படங்கள்தாம் எங்களுக்குக் காட்டின.

அங்கே ஒரு மரம் இருந்தது. மணல்மேட்டின் அடிவாரத்தில் தனியாக நின்ற மரம். இந்நாட்டவர் அதைக் காஃப் என்கிறார்கள். அதுவே இந்நாட்டின் தேசிய மரம். 2019-ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது அதன் சின்னமாக வைத்ததும் இந்த மரத்தைத்தான். எங்களுக்கு அதெல்லாம் பிறகு தெரிந்த செய்திகள். ஊரிலிருந்து வந்திருந்த பிள்ளைகளின் உம்மம்மா, வண்டியை விட்டு இறங்கியதும் அதன் இலையை உருவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வன்னிமரமில்லா? இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீக?" என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. இரண்டும் ஒரே மரம்தான். இராஜஸ்தானில் கேஜ்ரி என்கிறார்கள். அங்கே 1730-இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் விட்டனர். சற்றுத் தள்ளி நம் மாவட்டத்தை மூடிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் நின்றது. பசுமை வேண்டும் என்று கொண்டுவந்து வளர்க்கப்பட்டு, இங்கும் அது வன்னியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. உம்மம்மா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

அந்த மரத்தையும் மணல்மேட்டையும் மூத்தவன் எடுத்த ஒரு படம் மிக அழகாக அமைந்துவிட்டது. பெற்றோருக்கே உரிய பெருமையோடு அதை எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தோம். "எங்கே இந்த இடம்?" என்று கேட்டவர்களுக்கு வரைபடக் குறியையும் அனுப்பினோம். அது 2023-ஆம் ஆண்டு தொடக்கம். மார்ச்சில் ரமளான் வந்தது. அந்த ரமளானில் ஊர்க்குடும்பங்கள் சேர்ந்து திறந்தவெளியில் இஃப்தார் வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அந்த இடத்தையே சொன்னதும் நாங்கள்தான். நல்ல கூட்டம். நோன்புக் கஞ்சி, வடை, பிறகு பிரியாணி. மக்ரிபை மணலிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். பிள்ளைகள் இருட்டும்வரை மேட்டில் சறுக்கி விளையாடினார்கள். அல்ஹம்துலில்லாஹ், மனம் நிறைந்து திரும்பினோம்.

பெருநாள் முடிந்த மறுவாரம் மூத்தவனுடன் மீண்டும் போனோம். எங்களுக்குப் பிறகு வேறு பல குழுக்களும் வந்து போயிருந்தது தெரிந்தது. மேட்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய சக்கரத் தடங்கள். மூன்று நான்கு இடங்களில் கரிக்குவியல். தண்ணீர்ப் போத்தல்கள், சுஃப்ரா விரிப்பின் கிழிசல்கள், தட்டுகள். வன்னியின் தாழ்ந்த கிளை ஒன்று விறகுக்காக முறிக்கப்பட்டு, பாதி எரிந்து கிடந்தது; அந்த மரத்தை வெட்டுவது இந்நாட்டில் குற்றம். அதற்கு மேலிருந்த கிளையில் ஒரு பை மாட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. அதன் மீது சிவப்புத் தமிழ் எழுத்துகள். எங்கள் இஃப்தாருக்குப் பிரியாணி தந்த கடையின் பை.

அந்தப் பாலைவெளியில் தமிழ் எழுத்தைக் கண்டு இப்படி ஒரு கூச்சம் வரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. இறங்கும்போது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனதாகத்தான் எங்கள் நினைவு. பெரிய கறுப்புப் பைகளில் கட்டி மரத்தடியில் வைத்தோம். யார் எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏற்றப்படாத பைகளைக் கிழித்தது ஆடாகவோ ஒட்டகமாகவோ இருக்கலாம்.

மூத்தவன் அன்றும் படம் எடுத்தான். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது, படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தான். பை இல்லை, கரி இல்லை, பழைய அழகு அப்படியே இருந்தது. ஏன் வெட்டினாய் என்று கேட்டோம். "அசிங்கத்தக் காட்டினா யாரு வாப்பா பாப்பாங்க? அழகாக் காட்டினாத்தான அந்த இடத்து மேல ஆசை வரும்?" என்றான். ஆசை வந்ததால்தானே இவ்வளவும் நடந்தது என்று பதில் சொன்னோம். அந்த வாக்குவாதம் எங்கள் வீட்டில் பல மாதங்கள் நடந்தது. இருவரும் படிக்கத் தொடங்கியதும் அதனால்தான்.

அவன் பக்கத்துக்கு வலுவான சான்றுகள் இருந்தன. அமெரிக்காவின் மேற்கே, யூட்டாவும் அரிசோனாவும் சேரும் வறண்ட பாறை நாட்டில், கொலராடோ ஆறு குடைந்த கிளென் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே அணை கட்ட முடிவானது. இன்னோர் இடத்து அணையைத் தடுப்பதற்காக, டேவிட் பிரவர் தலைமையில் இயங்கிய சியரா கிளப் இந்த அணைக்கு எதிர்ப்புக் காட்டாமல் விட்டுக்கொடுத்திருந்தது. அவர்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி அதிகம் தெரியாது. எலியட் போர்ட்டர் என்ற புகைப்படக் கலைஞர் அங்கே சென்று, செம்பாறைச் சுவர்களையும் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியையும் வண்ணப் படங்களாக எடுத்தார். 1963-இல் அந்தப் படங்கள் நூலாக வெளிவந்தன. 'யாரும் அறியாத இடம்' என்பது போன்ற பொருள் தரும் தலைப்பு. அதே 1963-இல் அணையின் மதகுகள் மூடப்பட்டன. படத்தில் இருந்த இடங்களை மக்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவற்றின் மீது நீர் ஏறிக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கம் முழுமையாக நிரம்ப 17 ஆண்டுகள் பிடித்தன. பிரவர் தம் வாழ்நாள் முழுவதும் அதற்காக வருந்தினார். ஆனால் சில ஆண்டுகளில் கிராண்ட் கேன்யன் பகுதியில் அணைகள் கட்டும் திட்டம் வந்தபோது, இழந்ததைக் காட்டும் அந்தப் படங்கள் மக்கள் கையில் இருந்தன. 1968-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

"பாருங்க, படம் காப்பாத்திருக்கு" என்றான் மகன். ஓர் இடத்தைப் புதைத்த பிறகுதானே இன்னோர் இடத்தைக் காப்பாற்றியது என்று நாங்கள் சொன்னோம்.

இந்த மண்ணின் படங்களையே எடுத்துக்கொண்டால் வில்பிரட் தெசிகர் நினைவுக்கு வருவார். வெட்டுக்கிளிகள் பெருகும் இடங்களைத் தேடும் வேலையாக வந்து, 1946-க்கும் 1948-க்கும் இடையே ருப்உல் காலிப் பெருமணலை பதூக்களோடு ஒட்டகத்தில் இருமுறை கடந்தவர். கையில் ஒரு லைக்கா கேமரா. பதூக்கள் அவரை முபாரக் பின் லண்டன் என்று அழைத்தனர். அல் ஐனில் உள்ள ஜாஹிலிக் கோட்டையில் அவருடைய படங்களை வைத்திருக்கிறார்கள். குடும்பத்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களின் முன் நின்றபோது எங்கள் இளைய மகள் கேட்டாள்: "ஏன் இதில ஒரு குப்பைகூட இல்ல?" அவர் வெட்டி எடுக்கவில்லை, அன்று அவர்களிடம் இருந்தது தோல் நீர்ப்பையும் பேரீச்சம்பழமும் மாவும்தான். எறிந்தாலும் மண்ணோ ஒட்டகமோ தின்றுவிடும்.

ஒட்டகம் தின்னும் என்பதில்தான் இன்றைய துயரமே இருக்கிறது. அல்காஷியா அத்தியாயத்தில், அது எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்குமாறு நம்மைத் தூண்டப்படுகிற அதே உயிரினம். துபையின் மத்திய கால்நடை ஆய்வகத்தைச் சேர்ந்த உல்ரிக் வெர்னரியும், அமெரிக்கரான மார்க்கஸ் எரிக்சனும், உடன் பணியாற்றியோரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2008 முதல் ஆய்வகத்தார் பார்த்த 30,000 ஒட்டகங்களில் 300 ஒட்டகங்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கட்டி இருந்தது. முட்செடிகளிலும் மரக்கிளைகளிலும் மாட்டிக்கொண்டு அசையும் பை ஒட்டகத்துக்கு இலையாகத் தெரிகிறது. விழுங்கியது செரிக்காது, வெளியேறாது. ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்து கல்லைப் போல் இறுகுகிறது. 60 கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டியும் கிடைத்திருக்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது என்ற உணர்விலேயே அந்த ஒட்டகம் மேய்வதை நிறுத்திப் பட்டினியால் சாகிறது. மணலில் கிடந்த ஓர் எலும்புக்கூட்டின் விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து பயணப்பெட்டி அளவுக்குப் பிளாஸ்டிக் கட்டியை எரிக்சன் தோண்டி எடுத்தார். சதை போய், தோல் போய், பைகள் மட்டும் அப்படியே இருந்தன.

அந்தப் படங்களைப் பார்த்த அன்று மகனும் வாதாடவில்லை. மறுநாள், பையோடு கூடிய முழுப் படத்தைக் குழுவில் போடலாம் என்று அவனே சொன்னான். போட்டோம். தமிழ் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

அதனால் வந்த விளைவைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். கடைக்காரர் நம் ஊர்க்காரர், நல்ல மனிதர். அந்த இஃப்தாருக்குப் பாதி விலைக்குச் சோறு ஆக்கித் தந்தவர். அவருடைய மைத்துனரும் அந்தக் குழுவில் இருந்தார். அரை மணி நேரத்தில் நாற்பது செய்திகள் வந்துவிட்டன. ஒருவர் கடையைக் குறை சொன்னார். ஒருவர் வேறொரு ஊர்க்காரர்கள்தாம் போட்டிருப்பார்கள் என்றார். மூவர் குழுவை விட்டு விலகினர். மணலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அன்றிரவு எங்கள் பகுதிப் பள்ளியில் பாடம் நடத்தும் ஹஜ்ரத் ஒருவரிடம் போய்ச் சொன்னோம். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பதும் கடமை, பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் கிளை, இரண்டையும் சேர்த்துச் செய்ய வழி தேடுங்கள் என்றார். "இந்தப் பையை விற்றவர் அவர். அங்கே கொண்டுபோனவர் யார்?" என்றும் கேட்டார்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஉ என்னும் மேய்ச்சல் வெளியை ஹிமா என்று காப்பு நிலமாக ஒதுக்கியதையும், மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதைத் தடுத்ததையும், உமர் (ரலி) அவர்கள் ரபதாவில் அவ்வாறே நிலம் ஒதுக்கியதையும் அன்று அவர்தாம் எங்களுக்கு விளக்கினார். காப்பு நிலம் என்பதை அதுவரை வெள்ளையர் கண்ட ஏற்பாடு என்றே எண்ணியிருந்தோம். துபையில் இன்று 225 சதுர கிலோமீட்டர் பாலைவனத்தை வேலியிட்டு மான்களுக்கும் ஓரிக்ஸுகளுக்கும் விட்டிருக்கிறார்கள். அந்த வேலியின் பழைய பெயர் நம்மிடமே இருந்திருக்கிறது.

வீடு திரும்பிப் படத்தை நீக்கினோம். கடைக்காரரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் தேநீர் தந்தார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. எழுத்துகளை அழித்துவிட்டு மீண்டும் போடலாமா என்று யோசித்தோம். அழித்துப் பார்த்தபோது அது யாருடைய பையோ ஆகிவிட்டது. யாருடையதோ என்றால் யாருக்கும் வலிப்பதில்லை.

அப்போது இளையவள் இஃப்தார் அன்று எடுத்த படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் நாங்கள் நால்வரும் உம்மம்மாவும் சுஃப்ராவைச் சுற்றி அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பின்னால், அதே கிளையில், அதே போன்ற பை. தட்டுகள் பறக்காமல் இருக்கட்டும் என்று நாங்களே அதில் போட்டு மாட்டி வைத்தது. எழுத்துப் பக்கம் மரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் கடையின் பெயர் தெரியவில்லை. எங்கள் முகங்கள் நன்றாகத் தெரிந்தன.

அதைத்தான் குழுவில் போட்டோம். கீழே மரத்தின் இப்போதைய படம். பை நாங்கள் மாட்டியது, மறந்தது நாங்கள், இடத்தைச் சொன்னதும் நாங்கள் என்று எழுதினோம். சற்று நேரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு சகோதரி எழுதினார்: "கரி எங்களுடையது." வேறொருவர், தம் வண்டியில் ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோன கறுப்புப் பைகளைப் பற்றி எழுதினார். அந்த வாரக் கடைசியில் ஒன்பது குடும்பங்கள் கையுறையும் சாக்குமாக அங்கே வந்தன. விலகிய மூவரில் ஒருவரும் வந்தார்.

அழகான படமா, அவலட்சணமான படமா என்ற எங்கள் வீட்டு வாக்குவாதம் அதன் பிறகு ஒருவாறு அடங்கியது. இப்போது மூத்தவன் மாதம் ஒருமுறை, முக்காலியை அதே கல்லுக்குப் பக்கத்தில் ஊன்றி, அதே திசையில், சூரியன் எழுந்த அதே நேரத்தில் ஒரே படத்தை எடுக்கிறான். ஓரத்தை வெட்டுவதில்லை. இடத்தின் குறியை யாருக்கும் அனுப்புவதில்லை. பார்க்க விரும்புகிறவர்களை நாங்களே அழைத்துச் செல்கிறோம். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது தனிப்படத்தில் தெரியாதவை தெரிகின்றன. மேட்டின் மேலிருந்த சக்கரத் தடங்களைக் காற்று ஒரு மாதத்தில் அழித்துவிட்டது. ஆனால் அதற்கு இப்பால் உள்ள சரளைத் தரையில் பதிந்த தடங்கள் எல்லாப் படத்திலும் அப்படியே இருக்கின்றன. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினர் பயிற்சிக்கு ஓட்டிய டாங்கிகளின் தடங்கள் இன்றும் தெரிகின்றனவாம். மணல் மன்னிப்பதைத் தரை மன்னிப்பதில்லை என்று உம்மம்மா தொலைபேசியில் சொன்னார்கள்.

2024 ஏப்ரல் 16 அன்று பெய்த பெருமழையை இங்கிருக்கும் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது; பதிவுகள் தொடங்கிய 75 ஆண்டுகளில் அப்படிப் பெய்ததில்லை. எங்கள் கார் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. மே மாதப் படத்தில் அந்த மேட்டின் அடிவாரம் முழுவதும் பச்சைப் புல். இரண்டு ஒட்டகங்கள் அதில் மேய்ந்துகொண்டிருந்தன. மூத்தவன் முன்பெல்லாம் ஒட்டகம் சட்டத்துக்குள் வந்தால் மகிழ்வான். அன்று கேமராவை வைத்துவிட்டு முதலில் புல்லில் கிடந்தவற்றைப் பொறுக்கப் போய்விட்டான். மழைவெள்ளம் எங்கிருந்தெல்லாமோ கொண்டுவந்து சேர்த்திருந்தது.

கடைகளில் மெல்லிய பைகள் இப்போது இல்லை. அபுதாபியில் 2022 ஜூனிலும் துபையில் 2024 ஜனவரியிலும் தடை வந்தது. நம் ஷார்ஜாவிலும் நின்றுவிட்டது. சட்டம் செய்ததைப் படம் செய்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் சுஃப்ரா விரிப்பும் தட்டும் போத்தலும் இன்னும் நம் கையில்தான் இருக்கின்றன. கடந்த ரமளானில் ஊரிலிருந்து நான்கு சஹன்களை வரவழைத்தோம். முன்னோர் சஹனைச் சுற்றி நால்வராக அமர்ந்து உண்டது எவ்வளவு வசதி என்பது கழுவ வேண்டிய பாத்திரங்களை எண்ணியபோதுதான் புரிந்தது. கஞ்சிக்கு எவர்சில்வர் கோப்பைகள், தண்ணீருக்கு ஒரு பெரிய கேன். சோறு அந்தக் கடைக்காரருடையதுதான். இந்த முறை அண்டாவோடு கொடுத்தனுப்பினார். அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மரம் எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டார்.

முறிந்த கிளையின் அடியிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் தளிர் விட்டிருக்கிறது. அதைக் காட்டுவதற்காகப் போன வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு விடியற்காலையில் போனோம். போய்ச் சேர்ந்தபோது புழுதிக் காற்று எழுந்துவிட்டது. சூரியன் நிலவைப் போல வெளுத்துத் தெரிந்தது. மணல் கேமராவின் இடுக்குகளில் எல்லாம் புகுந்தது. மூத்தவன் முக்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரே ஒரு படம் எடுத்தான். அதில் வன்னி ஒரு சாம்பல் நிழலாகத் தெரிகிறது; தளிர் தெரியவில்லை. அதையும் வரிசையில் சேர்த்து வைத்திருக்கிறான்.